டிஸ்க் இம்ப்ளான்ட் ட்ரே தூக்குற தம்பிகளுக்கு

பெங்களூர்ல ஸ்பைன் இம்ப்ளான்ட், அதாவது முதுகெலும்புல வைக்கிற செயற்கைப் பாகங்கள, ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்க் குடுக்குற வேலைக்கு புதுசா வர்ற நம்ம பசங்க, நாங்க அந்தக் காலத்துல அடிச்ச அதே கூத்த அப்படியே அடிக்கிறாங்க. ஸ்டெரைல் டேபிள்ல கை வைக்காதேன்னு எல்லாம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரே திட்டி சொல்லிக் குடுத்துடுவாங்க, அத விடுங்க.

சைஸ்ல அசால்ட்டு

இத நினைச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது. எண்ட்ப்ளேட், அதாவது டிஸ்க்கு மேலயும் கீழயும் இருக்குற எலும்புத் தட்டு, நடுவுல வீக்கு, ஓரத்துலதான் கெட்டி, அதுலயும் பின்பக்க மூலைங்க. அதனால செயற்கை டிஸ்க்கோ, எலும்ப ஒட்ட வைக்க நடுவுல வைக்கிற கேஜோ, முடிஞ்சவரை ஓரத்த ஒட்டி உக்காரணும். சின்னதப் போட்டா மண் தரையில கட்டில் கால் இறங்குற மாதிரி எலும்புக்குள்ள இறங்கிடும்.

பன்னேர்கட்டா ரோடு பக்கம் ஒரு கேஸ், எல்4-எல்5 (இடுப்புப் பக்கத்து நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல), ஆடுற டிஸ்க், அதாவது அசைவு குடுக்குற செயற்கை டிஸ்க். தம்பி முந்தின நாள் சிடி ஸ்கேன அளந்து பாக்கவேயில்ல, "பெரிய சைஸ் யாருண்ணா கேக்கப்போறா"ன்னு அந்த ட்ரேய மட்டும் எலக்ட்ரானிக் சிட்டி குடோன்லயே விட்டுட்டான். ட்ரயல் (சைஸ் பாக்குற மாதிரிப் பீஸ்) வெச்சுப் பாத்த டாக்டர் கேட்டது அதத்தான். வயித்துப் பக்கமா திறந்து பெரிய ரத்தக்குழாய ஒதுக்கிப் பிடிச்சிருக்காங்க, மயக்க டாக்டர் "இன்னு எஷ்ட்டு ஹொத்து" (இன்னும் எவ்ளோ நேரம்)ங்கறாரு, ட்ரே சில்க் போர்டு ட்ராஃபிக்ல நிக்குது, வந்தாலும் ஆட்டோக்ளேவ்ல நீராவில கிருமி நீக்காம உள்ள விடமாட்டாங்க. வேற வழியில்லாம கையில இருந்ததப் போட்டாரு. சில மாசத்துலயே எக்ஸ்ரேல இறங்கிடுச்சு. முன்பக்கமா மறுபடி போனா ரத்தக்குழாய் தழும்போட ஒட்டிக்கிட்டு இருக்கும், கிழிஞ்சா ஆபத்து, அதனால முதுகுப் பக்கமா ஸ்க்ரூ போட்டு ஃப்யூஷன் பண்ணாங்க, அதாவது அந்த ரெண்டு எலும்பையும் அசையாம ஒட்ட வெச்சுட்டாங்க. முதுகு வளையணும்னுதான் அந்தம்மா இவ்ளோ செலவு பண்ணி இந்த டிஸ்க்கே போட்டாங்க! தம்பி கேக்குறான், "ட்ராஃபிக்குண்ணா, நான் என்ன பண்றது".

எல்லா சைஸும் போகணும். கேக்கலன்னா திரும்பி வரட்டும், ட்ரே என்ன கெட்டா போயிடும்?

உயரம்

டிஸ்க்கோ கேஜோ உயரமா, டைட்டா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க. நரம்பு இழுபடும்.

டெக்ஸா

இது எலும்பு அடர்த்தி பாக்குற ஸ்கேன். மாதவிடாய் நின்ன பெண்கள்னா ரிப்போர்ட் இருக்கான்னு கேளுங்க. அதுல வர்ற டி-ஸ்கோர் மைனஸ் 2.5, அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைஞ்ச நோய், அந்த எலும்புல ஆடுற டிஸ்க் போடக்கூடாது.

"கேஜக் காணோம்ணா"

கேஜ் செய்யுற பீக்ங்கற பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாதுப்பா. அதுல இருக்குற டான்டலம் உலோகப் புள்ளிதான் தெரியும். கத்தாதீங்க.

ஸ்டிக்கர்

லாட் நம்பர் ஸ்டிக்கர் ஆஸ்பத்திரி ஃபைலுக்கு ஒண்ணு, பேஷண்ட் கையில ஒண்ணு. பின்னாடி எம்ஆர்ஐ எடுக்கப் போனா உள்ள என்ன மெட்டல்னு கேப்பாங்க, டைட்டானியத்த விட கோபால்ட் க்ரோம் படத்த ரொம்பக் கெடுக்கும்.