தயிரில் தண்ணீர் நின்றால் பால்காரரைத் திட்டாதீர்கள்

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்த நேரம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அண்ணனிடம் ஒருநாள் வாய்விட்டேன். "என்ன அண்ணே, தயிரெல்லாம் தண்ணியா நிக்குது. ஆத்துல வந்ததுன்னு பால்லயும் திறந்துவிட்டுட்டீங்களா?" அவர் கோபப்படவில்லை. "பாலை எப்படிம்மா காய்ச்சினீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் முதல் கொதி எழும்பியதும் அணைத்திருந்தேன். தவறு என்னுடையதுதான். அது ஏன் தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

கலப்படமே இல்லாத பசும்பாலிலும் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். புரதம் மூன்றரைப் பங்குக்குள். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீன் தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்து கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக, ஊறிய அவல் போல உள்ளே தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மிதக்கிறது. ஒரு கிராம் கேசீன் மூன்று கிராமுக்கும் மேல் தண்ணீரைப் பிடித்திருக்கும். பால் புளிக்கப் புளிக்க இந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. அதுதான் தயிர். வயலில் தண்ணீரை வரப்பு நிறுத்துகிற மாதிரி, தயிரில் தண்ணீரை இந்த வலை நிறுத்துகிறது. ஓரத்தில் கரண்டி விட்டு வெட்டி எடுத்தால் மடை திறந்த கதைதான். அந்தக் குழியில் மஞ்சளும் பச்சையுமாகத் தெளிந்த நீர் ஊறி நிற்கும். அதைக் கொட்டுவது இன்னொரு தவறு. கேசீனில் சேராத மிச்சப் புரதம் அதில்தான் இருக்கிறது. மோரில் கலந்துவிடுங்கள், இல்லையென்றால் சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசையுங்கள்.

சரி, பால் காய்ச்சுவதற்கு வருவோம். அந்த மிச்சப் புரதம் எழுபது டிகிரி தாண்டும்போது சுருள் அவிழத் தொடங்கும். நல்ல சூட்டில் சற்று நேரம் இருந்தால் கேசீன் உருண்டையின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது வலை நெருக்கமாகப் பின்னும், தண்ணீர் நழுவாது. நான் முதல் கொதியிலேயே அணைத்ததால் அந்த வேலை பாதியில் நின்றுவிட்டது. இப்போது பொங்கி அடங்கியதும் தீயைக் குறைத்து எட்டுப் பத்து நிமிடம் விடுகிறேன். அதே அண்ணனின் அதே பால்தான், கரண்டியில் கட்டியாக நிற்கிறது.

உறை ஊற்றுவதிலும் அவசரம் கூடாது. விரல் பொறுக்காத சூட்டில் ஊற்றினால், ஒன்று உறை செத்துவிடும், இல்லையென்றால் தயிர் வேகமாகப் புளித்து வலை முரடாகும். மார்கழிக் குளிரில் தோயவில்லை என்று இரண்டு கரண்டி உறை கூடுதலாக விடுவதும் வேண்டாம். புளிப்பு ஏறும், தண்ணீர் விடும். பாத்திரத்தைத் துணி சுற்றி அரிசிப் பானைக்குள் வையுங்கள், போதும்.

ஆட்டுப்பாலில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் தயிர் கொழகொழவென்றுதான் வரும். ஆடு வளர்ப்பவரும் தண்ணீர் கலக்கவில்லை. வலைக்கு முறுக்குத் தரும் ஒரு வகை கேசீன் ஆட்டுப்பாலில் பெரும்பாலும் குறைவு. ஆட்டுக்கு ஆடு அது மாறவும் செய்யும். உருண்டைகளில் சுண்ணாம்புச் சத்து அதிகம், பிடித்துவைக்கும் தண்ணீர் பசும்பாலைவிடக் குறைவு. சூடும் அவ்வளவாகத் தாங்காது. அதனால் ஆட்டுப்பாலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் கிண்டப் போகாதீர்கள், திரியலாம். ஒரு கொதி, மிதமான தீ. தயிர் கெட்டியாக வேண்டுமென்றால் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். என்னைக் கேட்டால், ஆட்டுப்பால் தயிரை மோராக்கிக் குடிப்பதே நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளும் என்று நம் பக்கத்தில் தாராளமாகச் சொல்வார்கள். இரண்டின் புரதமும் பெரிய அளவுக்கு ஒரே ஜாடை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மற்றதும் சேராது. கைக்குழந்தைக்குத் 'தண்ணீர் விட்டு இளக்கி'க் கொடுப்பதும் தவறு. புரதம் குறையும், கூடவே குழந்தைக்கு வேண்டிய சத்தும் குறையும். ஒரு வயதுக்குள் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் தாய்ப்பால் தவிர வேறு எந்தப் பாலும் வேண்டாம்.

மாடு வைத்திருப்பவர்களிடமும் ஒரு தப்பான கணக்கு உண்டு. கறவைக்கு முன் தண்ணீர் காட்டினால் பால் நீர்த்துப்போகுமாம். மடிக்குள் எவ்வளவு தண்ணீர் இறங்க வேண்டும் என்பதைப் பாலில் ஊறும் சர்க்கரைதான் தீர்மானிக்கிறது. மாடு கூடுதலாகக் குடித்த தண்ணீர் பாலை இளக்காது. குடிக்காமல் போட்டால் கறவை குறையும், அவ்வளவுதான். புரதம் ஏற வேண்டுமென்றால் வெறும் வைக்கோலோடு விடாமல் பிண்ணாக்கும் உளுந்துப் பொட்டும் வையுங்கள்.

மோர்க்குழம்பு திரிவதும் இதே சமாசாரம்தான். புளித்த மோரில் புரதம் ஏற்கெனவே ஒட்டிக்கிடக்கிறது. தளதளவென்று கொதிக்கவிட்டால் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டுத் திரளும். ஊறவைத்து அரைத்த துவரம்பருப்பும் அரிசியும் இடையில் நின்று அதைத் தடுக்கின்றன. நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

பால் குண்டானைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். ஒட்டியிருக்கும் புரதம் வெந்து, சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். காய்ச்சும் முன் ஒரு கை தண்ணீர் ஊற்றிச் சுழற்றிவிட்டுப் பாலை விடுகிற வழக்கம் நல்ல வழக்கம், அடி பிடிப்பது குறையும்.

போன தை மாதம் அண்ணன் வீட்டுப் பசு கன்று போட்டது. முதல் நாள் சீம்பாலை ஒரு செம்பில் கொண்டுவந்தார், மஞ்சளாக, எண்ணெய் மாதிரி கனத்து. முதல் நாள் சீம்பாலில் புரதம் சாதாரணப் பாலைப் போல நான்கு மடங்கு வரை இருக்கும். அதனால் உறையே இல்லாமல் ஆவியிலேயே கட்டியாகிவிடும். நேரடித் தீயில் வைத்தால்தான் கட்டி கட்டியாக உடையும். வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வைக்கச் சொல்லிவிட்டு வாசல் வரை போனவர், திரும்பி நின்று சிரித்தார்: "இதுல நீங்க தண்ணி கலந்துடாதீங்கம்மா."