எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணை நம்பி வாங்காதீர்கள்

போன வாரம் பாலக்கோட்டில் புதிதாகக் கடை போட்டிருக்கும் ஒரு தம்பி ஒரு கேமிங் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்கு என்னிடம் வந்தான். "அண்ணா, படம் பார்த்தா நல்லா ஓடுது. கேம் போட்டா பத்து நிமிஷத்துல படக்குனு ஆஃப் ஆகுது. ரேம் மாத்திட்டேன், விண்டோஸ் ரெண்டு தடவை போட்டுட்டேன்." பக்கத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ், அதாவது சிஸ்டத்துக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அதன் ஸ்டிக்கரை மட்டும் பார்த்தேன், போதும். 2018-இல் நான் செய்த அதே தவறு.

ஒயரைச் சரியாகச் சொருகாதது, சுவிட்ச் போட மறப்பது எல்லாம் இரண்டு நாளில் தானாகப் பழகிவிடும், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. வாட் கணக்கில் திரும்பத் திரும்பப் பணம் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

"600 வாட்" என்று எழுதியிருந்தால் 600 வாட் என்று நினைப்பது

அந்த 2018-இல் மாரண்டஅள்ளியில் தக்காளி வியாபாரம் செய்யும் ஒருவர் தன் மகனுக்காகச் சிஸ்டம் கேட்டார். கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. அது 250 வாட் இழுக்கும், அதைச் செய்யும் என்விடியா கம்பெனி சொல்லும் எஸ்எம்பிஎஸ் 600 வாட். கம்ப்யூட்டர் சாமான் கிடைக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் மற்ற சாமான்களோடு 600 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒன்றையும் வாங்கி வந்தேன். நல்லதில் பாதி விலைதான். கார்டு 250, பிராசசர் நூற்றுச் சொச்சம், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 400-ஐச் சுற்றித்தான் வரும், இன்னும் 200 மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாக மாட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் வந்தார்கள். கேம் ஓடும்போது மட்டும் ஆஃப் ஆகிறது. ரேமை மாற்றினேன், தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவினேன், விண்டோஸை மூன்று முறை போட்டேன், ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து போனார். கடைசியில் ஒரு நாள் கருகிய வாடை, எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது. புது மதர்போர்டு என் காசு. அது போகட்டும், அதற்கு முந்தின வாரம் "நீ ஏதாவது ஓவர்கிளாக் பண்ணினாயா, வேகத்தை ஏற்றி வைத்தாயா" என்று அந்தப் பையனை அவன் அப்பா முன்னால் அதட்டிக் கேட்டேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்த பிறகுதான் ஸ்டிக்கரின் சின்ன எழுத்தைப் படித்தேன். அதில் ஒரு கட்டம் இருக்கும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்ப் என்று. இதில் 12 வோல்ட்டுக்கு 28 ஆம்ப் போட்டிருந்தது. 12-ஐ 28-ஆல் பெருக்கினால் 336 வாட். மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டி, கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் உச்சக் கணக்கையும் சேர்த்து 600 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் இன்றைய சிஸ்டத்தில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 5 வோல்ட்டில் யுஎஸ்பியும் எஸ்எஸ்டியும் ஓடும், அவ்வளவுதான். 400 வாட் கேட்கும் சிஸ்டத்துக்கு நான் 336 வாட் கொடுத்து, அதையும் நம் ஊர் ஏப்ரல் வெயிலில் ஓடவிட்டிருக்கிறேன்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் மட்டுமே ஏறத்தாழ முழு வாட்டையும் தரும். 750 வாட் என்றால் அந்தக் கட்டத்தில் 62 ஆம்ப் அளவுக்கு இருக்கும். வாங்கும் முன் ஸ்டிக்கரின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், பெட்டி மேல் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இதே கதைதான். பாலக்கோட்டுத் தம்பி கொண்டுவந்ததில் 650 வாட் என்று போட்டு, 12 வோல்ட்டில் 30 ஆம்ப் இருந்தது. கார்டு தப்பித்தது, நல்ல வேளை.

பிராசசருக்கு அட்டைப்பெட்டி வாட்டைக் கூட்டுவது

இன்டெல் பிராசசர் ஐ9-14900கே-வுக்கு 125 வாட் என்று எழுதிக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். அது அடிப்படை வேகத்துக்கு. முழு வேகத்தில் இன்டெல் சொல்லும் அளவு 253 வாட். ஏஎம்டி பிராசசர் ரைசன் 9 7950எக்ஸ் 170 என்பார்கள், மதர்போர்டு அதற்கு 230 வரை விடும். ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டின் 450-ஐ அந்த 253-உடன் சேர்த்தால் 703. போர்டு, ரேம், ஃபேன், வாட்டர் கூலர் எல்லாவற்றுக்கும் 80, 100 வையுங்கள். 800 வருகிறதா, அதற்கு நான் 1000 வாட் போடுவேன். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு தனியாகவே 575 வாட், அதை இதே ஐ9-உடன் மாட்டுவதாக இருந்தால் 1200-க்குக் கீழே நான் தொடமாட்டேன்.

கூட்டி வந்த எண்ணுக்குச் சமமாக வாங்குவது

கார்டு எப்போதும் ஒரே சீராக இழுப்பதில்லை. கேமில் ஒரு காட்சி மாறும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்திலும் சிறிய பொழுதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுத்துவிட்டு இறங்கிவிடும், பிளக்கில் மாட்டிப் பார்க்கும் மீட்டரில் அது தெரியவே தெரியாது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்த சமயத்தில் நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ்கூட இந்தத் திடீர் ஏற்றத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும், 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையில், தன் அளவைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். பெரிய கார்டுக்குப் புதிதாக வாங்கினால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 கேட்டு வாங்குங்கள்.

"1000 வாட் போட்டால் கரண்ட் பில் ஏறுமே?"

ஏறாது. சிஸ்டம் கேட்பதை மட்டும்தான் இழுக்கும்.

கோல்டு என்றால் தரம் என்று நினைப்பது

எஸ்எம்பிஎஸ் மேல் போட்டிருக்கும் 80 பிளஸ் கோல்டு என்பது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதற்கான சான்று மட்டும்.

யுபிஎஸ்ஸை மறப்பது

பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்குவது எல்லாருக்கும் தெரியும். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும், ஆனால் கரண்ட் போனால் யுபிஎஸ்தான். 1000 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டு, பழைய 600 விஏ யுபிஎஸ்ஸில் சொருகி வைத்திருக்கிறார்கள். 600 விஏ என்பது 600 வாட் இல்லை, வழக்கமாக 360 வாட்தான். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது பீப் என்று கத்திவிட்டு சிஸ்டத்தோடு சேர்ந்தே ஆஃப் ஆகும். விஏ-வை விட்டுவிட்டு, யுபிஎஸ் மேல் தனியாக எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். முடிந்தால் ப்யூர் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் யுபிஎஸ் வாங்குங்கள், ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் உள்ள எஸ்எம்பிஎஸ் சில, மலிவு யுபிஎஸ்ஸின் படிக்கட்டு அலைக்கு மாறும்போது நின்றுவிடுகின்றன.

ஒரே கேபிளில் இரண்டு தலை

கிராபிக்ஸ் கார்டில் கரண்டுக்காகச் சொருகும் 8 பின் முனை ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. கார்டில் இரண்டு இடம் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் இழுங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளைப் புதியதில் மாட்டுவது

கூடாது. முனை பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கலாம், ஹார்ட் டிஸ்க் போய்விடலாம்.