கண்டாங்கிக் கடை மெசேஜ்களைப் பொருள்வாரியாகப் பிரிப்பது எப்படி?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலையை ஆன்லைனில் விற்கும் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் வந்த 2000 மெசேஜ்கள் கையில் இருக்கின்றன. "சாயம் போகுமா?", "துவைச்சா கலர் நிக்குமா?", "கொரியர் இன்னும் வரல" என்று எல்லாமே குட்டி வாக்கியங்கள். இவற்றைக் கணினியை வைத்துக் குழுக்களாகப் பிரிக்க எந்த அல்காரிதம் (கணக்கீட்டு முறை) நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாக்கியத்தை எண்களாக மாற்றும் இடத்திலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

படி 1: சுத்தம் செய்தல்

போன் நம்பர், முகவரியை முதலில் நீக்குங்கள். "ஓகே", "நன்றி", "வணக்கம்" மட்டும் உள்ளவற்றையும் எடுத்துவிடுங்கள். விட்டால் அவையே பெரிய குழுவாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு எழுத்துகளை யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே மாதிரி சேமிக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். "கொ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

படி 2: டிஎஃப்-ஐடிஎஃப்

ஒரு மெசேஜில் எந்த வார்த்தை எத்தனை முறை வருகிறது, மற்ற மெசேஜ்களில் அது எவ்வளவு அரிது என்று பார்த்து எண் தரும் முறை இது (TF-IDF). தமிழுக்கு இங்கேதான் பெரிய பள்ளம். இதற்குப் பலரும் பயன்படுத்தும் பைத்தான் நிரல் தொகுப்பான சைக்கிட்-லேர்ன் (scikit-learn) தானாக வார்த்தை பிரிக்கும்போது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அடுத்தடுத்து இரண்டு எழுத்தாவது இருந்தால்தான் அதற்கு வார்த்தை. அதனால் "சேலை" முழுதாகக் காணாமல் போகும். "கண்டாங்கி"யில் "கண" மட்டும் மிஞ்சும். எர்ரர் எதுவும் வராது, குழுக்கள் மட்டும் உளறும். முதல் ஓட்டத்திலேயே வார்த்தைப் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள்.

தீர்வு: எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் அனலைசர் (analyzer) அமைப்பை வார்த்தைக்குப் பதில் "கேர் டபிள்யூபி" (char_wb) என்று மாற்றுங்கள்; அது வார்த்தைக்குள்ளேயே சிறு எழுத்துத் துண்டுகளாக வெட்டும். துண்டின் நீளமான என்-கிராம் அளவை 3 முதல் 5 வரை வையுங்கள். சேலைக்கு, சேலையை, சேலையில மூன்றுக்கும் பொதுவான துண்டுகள் கிடைக்கும். எழுத்துப்பிழையையும் ஓரளவு தாங்கும். எழுத்தின் மேல்குறிகளை நீக்கும் "ஸ்ட்ரிப் ஆக்சென்ட்ஸ்" (strip_accents) அமைப்பின் பக்கம் மட்டும் போகாதீர்கள், யூனிகோட் முறையில் வைத்தால் அது புள்ளியைத் தின்றுவிடும்.

படி 3: எம்பெட்டிங்

"சாயம் போகுமா", "துவைச்சா கலர் நிக்குமா" இரண்டும் ஒரே கேள்விதான். ஆனால் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. டிஎஃப்-ஐடிஎஃப் கணக்கில் அவை ஏறக்குறைய அந்நியர்கள். பொருளைப் பிடிக்க வாக்கிய எம்பெட்டிங் வேண்டும், அதாவது பொருள் ஒத்த வாக்கியங்களுக்கு நெருக்கமான எண்களைத் தரும், முன்பே பயிற்சி பெற்ற மாடல். பன்மொழி என்று பெயர் இருந்தாலே தமிழ் இருக்கும் என்று நம்பாமல் மொழிப் பட்டியலைப் பாருங்கள். 109 மொழிகளுக்கான லேப்ஸி (LaBSE) என்ற மாடலில் தமிழ் உண்டு. ஒரு வாக்கியத்துக்கு 768 எண்கள் தரும். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழை முன்பே தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. "சாயம் போகுமா" விசாரணை, "சாயம் போகுது" புகார், "சாயம் போகல" பாராட்டு. மூன்றும் பெரும்பாலும் ஒரே குழுவில்தான் விழும், பேச்சு சாயத்தைப் பற்றியது என்பதால். புகாரை மட்டும் பிரிக்க வேண்டுமென்றால் அது வகைப்படுத்தல் வேலை, அதாவது உதாரணம் காட்டிக் கணினிக்குக் கற்றுத்தருவது. கையால் லேபிள் போட்டுத்தான் ஆக வேண்டும்.

படி 4: குழுவாக்கம்

எண்களை நார்மலைஸ் செய்து (எல்லா வாக்கியத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து) கே-மீன்ஸ் ஓட்டுங்கள்; நாம் சொல்லும் எண்ணிக்கையில் குழு பிரிக்கும் அல்காரிதம் அது. 5 முதல் 15 குழுக்கள் வரை முயன்று, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே முடிவு வர ரேண்டம் ஸ்டேட் (random_state) அமைப்பை ஒரே எண்ணில் நிறுத்துங்கள். குழுக்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்தன என்று சொல்லும் சில்லவெட் மதிப்பெண் குட்டி வாக்கியங்களில் தாழ்வாகத்தான் வரும்; அதைவிட, ஒவ்வொரு குழுவிலும் பத்து மெசேஜ் வாசித்துப் பெயர் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பெயர் வராவிட்டால் குழு எண்ணிக்கையை மாற்றுங்கள்.

எதிலும் சேராததை ஒதுக்க வேண்டுமானால் எச்டிபிஸ்கேன் (HDBSCAN) என்ற இன்னொரு குழுவாக்க அல்காரிதம். அதற்கு முன், எண்களின் எண்ணிக்கையைச் சுருக்கும் யூமேப் (UMAP) கொண்டு 768-ஐ 5 அல்லது 10 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கியவற்றுக்கு எச்டிபிஸ்கேன் -1 என்று குறி போடும். பாதிக்குமேல் -1 வந்தால் குறைந்தபட்சக் குழு அளவைக் குறையுங்கள். கொஞ்சம்தான் என்றால் முழுக்க வாசியுங்கள். இதுவரை யாரும் சொல்லாத புகார் அங்கேதான் கிடக்கும்.