பார்டர் தாண்டிப் போன அட்வான்ஸ் திரும்பி வந்தது

களியக்காவிளை தாண்டினால் கேரளாவின் பாறசாலை. அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்று சோலார் ஹீட்டருக்கு 18,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, ‘நாளைக்கு வண்டி வரும்’ என்றே இழுத்தடித்தது. கேஸ் போட திருவனந்தபுரத்துக்கு அலையணும் என்று ஊரில் பயமுறுத்தினார்கள். தேவையே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், எனக்கு நாகர்கோவில். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டேன், நகரவில்லை. பிறகு கெடு வைத்து தபாலில் நோட்டீஸ். ரசீதின் அடியில் எறும்பு சைஸ் மலையாளத்தில் ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தார்கள். என்ன தைரியம்! அதையும் வட்டம் போட்டு நகலெடுத்து, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் பேச்சோடு சேர்த்துப் புகார் கொடுத்தேன்.

ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் மேனேஜர் ‘சாரே, பாதி தரட்டுமா?’ என்று குழைந்தார். முழுத் தொகையும் அக்கவுண்டில் ஏறிய பிறகுதான் வாபஸ் வாங்கினேன்.