ஊர்க்கூத்தை மீண்டும் களரியேற்றுவது எப்படி?

இலங்கையின் வடக்கே வன்னிக் கிராமமொன்றில் கூத்தை மீட்க விரும்பும் கலைஞர் முதலில் தேட வேண்டியது மேடையை அல்ல, பாட்டு நினைவிலுள்ள முதியவர்களையே. 2009 வரையான போர்க்கால இடப்பெயர்வுகளில் பல வீடுகளின் கொப்பிகளும் ஏடுகளும் அழிந்துவிட்டமையால், முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்துப் போன்றவற்றின் பாடல்களையும் தாளக்கட்டுகளையும் அவர்களிடமிருந்து கைப்பேசியில் பதிந்து, பின்னர் எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் பாடுவதை மற்றவர் மறுப்பார். இரண்டையும் எழுதி வையுங்கள்.

கூத்துப் பழக்கத்தை, மாரிமழையை நம்பிச் செய்யும் பெரும்போக நெல்லின் அறுவடை முடிந்தபின் தொடங்கினால் ஆட்கள் மாலையில் கிடைப்பார்கள். வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் பொங்கல் வரும் என்பதால், கண்ணகி கதையை ஆட அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

பாத்திரங்களைப் பகிர்வதில்தான் கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் சாமர்த்தியம் தெரியும். மீள்குடியேறியவர்களும் வேறிடங்களிலிருந்து வந்து குடியமர்ந்தவர்களும் அருகருகே வாழ்ந்தும் பேசிக்கொள்ளாத ஊரில், கோவலனை ஒரு பக்கத்துக்கும் கண்ணகியை மறுபக்கத்துக்கும் கொடுத்தால், இரு வீட்டாரும் தினமும் ஒரே முற்றத்தில் கூடியே ஆக வேண்டும். முன்பு ஆண்களே ஆடிய பெண் வேடங்களைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

உடுப்புகளை வாடகைக்கு எடுக்காமல் ஊரில் தைக்கும் பெண்களிடம் கூலி கொடுத்துத் தையுங்கள். வரவு செலவைச் சனசமூக நிலையத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.