போனை ரீசெட் செய்த பிறகு திறக்காத மெமரி கார்டு: எதை மீட்கலாம், எப்படி மீட்கலாம்

சித்தப்பா தம் போனின் பேட்டர்னை மறந்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் போனை ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுத்தார். மெமரி கார்டைத் தொடவே இல்லை என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் கார்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, கோப்புறைகளும் படங்களின் பெயர்களும் தேதியோடு வரிசையாக இருந்தனவே தவிர, எந்தப் படத்தைத் தொட்டாலும் சாம்பல் நிறக் கட்டம்தான் வந்தது. எப்போதோ அவரே 'எஸ்டி கார்டை என்கிரிப்ட் செய்' (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டு) என்ற அமைப்பை இயக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படிச் சிக்கிக்கொண்டவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பூட்டு கார்டிலும் சாவி போனிலும் இருக்கிறது என்பதே. கார்டைப் பூட்டும்போது போன் தானே ஒரு சாவியை உருவாக்கித் தன் உள்நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நாம் திரையில் இடும் பின் எண்ணோ பேட்டர்னோ அந்தச் சாவி ஆகாது. ஆகவே ரீசெட் உள்நினைவகத்தைத் துடைக்கும்போது சாவியும் போய்விடுகிறது. பழைய பின் எண்ணையே மறுபடி வைத்தாலும், அதே கூகுள் கணக்கில் நுழைந்தாலும் புதிய சாவிதான் பிறக்குமேயன்றிப் பழையது திரும்பாது.

இந்த நிலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, கார்டைப் போனிலிருந்து கழற்றிவிடுவது. போனோ கணினியோ 'கார்டு பழுதாகியுள்ளது, ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். மைக்ரோ எஸ்டி கார்டைக் கணினியில் செருகப் பயன்படும் பெரிய அடாப்டரின் இடப்பக்க விளிம்பில் நகத்தால் நகர்த்தக்கூடிய சிறு தள்ளுவிசை ஒன்று இருக்கும். அதை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டுச் செருகினால் கார்டில் தவறுதலாக எதுவும் எழுதப்படும் வாய்ப்பு குறையும். பிறகு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போன்ற ஒரு கருவியால் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, இனிச் செய்யும் சோதனைகளை எல்லாம் அந்த நகலில் செய்யுங்கள். 64 ஜிபி கார்டுக்கு வன்தட்டில் அதே அளவு இடம் வேண்டும்.

அடுத்து, கார்டு எவ்வகையில் பூட்டப்பட்டது என்று கண்டறிய வேண்டும். கணினியில் கோப்புப் பெயர்கள் தெரிந்து உள்ளடக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் சாம்சங் போன்களில் உள்ள எஸ்டி கார்டு என்கிரிப்ஷன். இது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டுகிறது. பெயர்களே தெரியாமல், வட்டு மேலாண்மைத் திரையில் ஒரு சின்னப் பகுதியும் அதையடுத்துப் பெயரில்லாத ஒரு பெரிய பகுதியும் தெரிந்தால், 2015இல் ஆண்ட்ராய்டு 6 உடன் வந்த வசதியின்படி கார்டு போனின் உள்நினைவகமாக மாற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

முதல் வகையில் ஒரு சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி (HxD) என்ற இலவச மென்பொருளில் ஒரு படக்கோப்பைத் திறந்து அதன் முதல் பைட்டுகளைப் பாருங்கள். சாதாரண ஜேபெக் படம் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்' (FF D8 FF) என்று தொடங்கும். பூட்டிய கோப்பில் அது இருக்காது. ஆனால் தொடக்கப் பகுதியில், வலப்பக்கம் எழுத்துகள் காட்டும் பத்தியில், பொருளற்ற குறிகளுக்கு நடுவே 'கன்சோல்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கோட்டுடன் பெரிய எழுத்துகளில் (_CONSOLE) நிற்கும். லினக்ஸின் இகிரிப்ட்எஃப்எஸ் என்னும் கோப்புப் பூட்டும் முறை தன் தலைப்பில் எழுதிவைக்கும் சொல் அது. சித்தப்பாவின் கார்டில் நான் திறந்த ஒவ்வொரு படத்திலும் அது இருந்தது. மாறாக 'எஃப்எஃப் டி8' தெரிந்தால் மகிழலாம்: அந்தக் கோப்பு பூட்டப்படவில்லை, வேறு பழுதுதான், அதை மீட்க வழியுண்டு.

கன்சோல் என்ற சொல் தெரிந்து, போனும் உண்மையிலேயே ஃபேக்டரி ரீசெட் ஆகியிருந்தால், அந்தக் கோப்புகளைத் திறக்கப் பொதுமக்களுக்கு வழியில்லை. பெயர்ப் பட்டியலைக் காட்டி 'பாருங்கள், எல்லாம் கிடைத்துவிட்டது, பணம் கட்டுங்கள்' என்று கேட்கும் மென்பொருள்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன; பெயர்கள்தாம் ஏற்கெனவே தெரிகின்றனவே! கடையோ மென்பொருளோ, ஒரே ஒரு படத்தை முழுதாகத் திறந்து காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

ஆனால் ரீசெட் என்ற சொல்லைப் பலர் பலவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைத்திருந்தாலோ, புதிய போன் வாங்கிப் பழையதை அப்படியே அலமாரியில் வைத்திருந்தாலோ சாவி இன்னும் பத்திரமாக இருக்கிறது. கார்டைப் பழைய போனில் போட்டு, அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று கார்டின் என்கிரிப்ஷனை நீக்குங்கள். தொடுதிரை மட்டும் வேலை செய்யவில்லையென்றால், ஓடிஜி இணைப்பான் வழியாக ஒரு மவுஸைச் செருகிப் பூட்டைத் திறந்துவிடலாம். திரையே இருண்டுவிட்டால், அதை மாற்றும் செலவு படங்களுக்காகத் தகும்.

கார்டு உள்நினைவகமாக மாற்றப்பட்ட இரண்டாம் வகையில், ரூட் செய்த (முழுக் கட்டுப்பாடும் திறந்துவிடப்பட்ட) போன் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கலாம். அங்கே சாவி, போன் உள்நினைவகத்தின் டேட்டா பகிர்வில் (தரவு வைக்கும் பகுதியில்) 'மிஸ்க்' கோப்புறைக்குள் 'வோல்ட்' என்ற கோப்புறையில், 'எக்ஸ்பேண்ட்' என்று தொடங்கிக் கார்டின் பகிர்வு எண்ணைத் தாங்கிய பெயருடன் 16 பைட்டுக் கோப்பாக இருக்கும். ரீசெட்டுக்கு முன் டிடபிள்யூஆர்பி (TWRP) என்ற மீட்புக் கருவி மூலம் டேட்டா பகிர்வை பேக்கப் எடுத்திருந்தால், அந்தக் கோப்பு பேக்கப்புக்குள் கிடைக்கக்கூடும். ஆண்ட்ராய்டு 6, 7 காலத்துக் கார்டாக இருந்தால், அந்தச் சாவியை லினக்ஸ் கணினியில் டிஎம்செட்அப் கட்டளைக்குக் கொடுத்துப் பெரிய பகுதியைத் திறக்கலாம். பேக்கப் இல்லாதவர் சாவியை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடவாது: 128 பிட் சாவிக்குள்ள வாய்ப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது, விநாடிக்கு ஒரு லட்சம் கோடி வீதம் சோதித்தாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்கப் பேரண்டத்தின் வயதைப்போல் ஏறத்தாழ 80 கோடி மடங்கு காலம் ஆகும்.

சாவி போனாலும் சில படங்கள் வேறு வழியில் வரலாம். முதல் வகையில், கார்டைப் பூட்டுவதற்கு முன்பே அதில் இருந்து அழிந்த படங்களின் எச்சங்கள், மேலெழுதப்படாத இடங்களில் திறந்த நிலையிலேயே கிடக்கக்கூடும். போட்டோரெக் என்ற இலவசக் கருவியை நகலின்மீது ஓடவிட்டு, கிடைப்பதை வேறொரு வட்டில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்பாது, பாதி படங்கள் கிழிந்தும் இருக்கும். சித்தப்பாவுக்கு என்கிரிப்ஷனுக்கு முந்தைய படங்கள் சிலவே இப்படிக் கிடைத்தன. கூகுள் போட்டோஸைக் கணினியில் திறந்து குப்பைத்தொட்டி உட்படப் பாருங்கள். அங்கே பேக்கப் ஆன படங்கள் நீக்கிய பின்னும் 60 நாள் இருக்கும். சாம்சங் கேலரியை ஒன்டிரைவுடன் இணைத்திருந்தால் அதையும் பாருங்கள். எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது குடும்ப வாட்ஸ்அப் குழுதான்: சித்தப்பா அனுப்பிய கல்யாணப் படங்கள், தரம் குறைந்திருந்தாலும், அத்தையின் போனில் அப்படியே இருந்தன.

இன்னும் ரீசெட் செய்யாமல் இதைப் படிப்பவர், போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு, கார்டின் என்கிரிப்ஷனை முதலில் நீக்கட்டும். கார்டு நிறைந்திருந்தால் நேரம் பிடிக்கும், இடையில் கழற்றக் கூடாது. கார்டை உள்நினைவகமாக மாற்றியவர் படங்களைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளட்டும். சேமிப்பகத் திரையில் உள்ள 'மறந்துவிடு' என்ற தெரிவைத் தொட வேண்டாம், அதுவும் சாவியை அழித்துவிடும். பிறகு கணினியில் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் முழுதாகத் திறந்து பார்த்துவிட்டு ரீசெட்டை அழுத்தலாம்.