மருத்துவ புத்தர் சிலை: அறிவதிலும் வாங்குவதிலும் பேணுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகாயானப் பௌத்தர்கள் நோய் தீர்ப்பவராக வணங்கும் மருத்துவ புத்தரான பைஷஜ்யகுருவின் செம்புச் சிலைகளை இன்றும் கையால் வார்த்துத் தரும் ஊர்களுள் நேபாளத்தின் பாட்டன் நகரம் முதன்மையானது. அங்கே நேவார் இனத்தைச் சேர்ந்த சாக்கியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வருகின்றன. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவைக்குச் சென்று, பெய்ஜிங்கின் வெண்தூபியைக் கட்டிய அரணிகோவும் நேவார்க் கலைஞரே. இத்தகைய சிலையை வாங்குவோர் பெரும்பாலும் அதன் பளபளப்பையும் எடையையும் பழமையையும் பார்த்தே மதிப்பிடுகின்றனர். அதனால் நேரும் பிழைகள் பல.

முதலாவது, ஆளையே மாற்றி அறிந்துகொள்வது. மடியில் பாத்திரம் ஏந்தியிருக்கும் புத்தர்களையெல்லாம் மருத்துவ புத்தர் என்று கருதிவிடக் கூடாது; சாக்கியமுனி எனப்படும் கௌதம புத்தரும், மற்றொரு புத்தரான அமிதாபரும்கூடப் பாத்திரம் ஏந்துவதுண்டு. சாக்கியமுனியின் வலக்கை பூமியைத் தொட்டிருக்கும். அமிதாபரின் இரு கைகளும் மடியில் தியான முத்திரையில் இணைந்திருக்கும். திபெத்திய, நேபாள மரபின் பைஷஜ்யகுருவோ வலக்கையை முழங்காலின் மேல் வரமளிக்கும் வரத முத்திரையில் நீட்டி, விரல்களிடையே கடுக்காய் மரத்தின் சிறுகிளை ஒன்றைப் பிடித்திருப்பார். நம் சித்த மருத்துவமும் போற்றும் அதே கடுக்காயின் கிளைதான் அது. ஓவியங்களில் அவர் உடல் பௌத்த நூல்கள் வைடூரியம் என்று குறிக்கும் நீலக்கல்லைப் போல ஆழ்ந்த நீலமாக இருக்கும் என்பதால், பொன்முலாம் பூசிய சிலையில் நீலம் இல்லையே என்று ஐயுறுவதும் தவறு. ஒரு மரபின் அடையாளத்தை மற்றொரு மரபின்மேல் சுமத்துவதும் அப்படியே. ஜப்பானில் இவரை யகுஷி என்பர். பேரரசர் தென்மு தம் துணைவியின் நோய் நீங்க வேண்டி 680இல் நேர்ந்துகொண்ட யகுஷிஜி கோயிலின் மூலவர் கையில் மருந்துக் கலயமே இல்லை.

சிலையையே மருந்தாகக் கொள்வது இதைவிடப் பெரிய தவறு. பைஷஜ்யகுருவின் பன்னிரண்டு சபதங்கள் உடல் நோயோடு வறுமையையும் சிறைத்துன்பத்தையும் தவறான நெறியையும் சேர்த்தே பேசுகின்றன. பௌத்தம் சொல்லும் மூல நோய்கள் ஆசை, வெறுப்பு, அறியாமை ஆகிய மூன்றுமே. திபெத்திய மருத்துவத்தின் அடிப்படை நூலான ‘நான்கு தந்திரங்கள்’ இவருடைய உபதேசமாகவே அமைந்திருக்கிறது. ஆயினும் அதைக் கற்ற மருத்துவர்கள் நாடி பார்த்து, உணவையும் மருந்தையும் வகுத்துக் கொடுக்கிறார்களேயன்றிச் சிலையைக் காட்டி அனுப்புவதில்லை. ‘வீட்டில் வைத்தால் நோய் ஓடும்’ என்னும் விளம்பரத்தை நம்பி மருந்தை நிறுத்துவது அந்த மரபுக்கே எதிரானது.

சுவாமிமலைச் சிலைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இன்னொரு தவறு இயல்பாகவே வரும்: கனமாக இருப்பதே நல்ல வார்ப்பு என்று எண்ணுவது. சுவாமிமலையில் படிமங்களைக் கெட்டியாக வார்ப்பதே வழக்கம். பாட்டனிலோ மெழுகை மெல்லிய கூடாக உருவாக்கி, உள்ளேயும் வெளியேயும் மண்ணிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடைவெளியில் செம்பை ஊற்றுகின்றனர். உடலையும் தாமரைப் பீடத்தையும் பெரும்பாலும் தனித்தனியே வார்த்துப் பின்னர் இணைப்பர். ஆகவே இங்கே உள்ளீடற்றிருப்பது குறையன்று. மந்திரச் சுருள்களை வைப்பதற்கு அந்த வெற்றிடம் தேவை. ‘மெழுகு வார்ப்பு’ என்ற சொல் மட்டுமே தனித்தன்மைக்குச் சான்றாகாது. ரப்பர் அச்சில் ஒரே மெழுகுருவைப் பல முறை எடுத்து வார்ப்பதும் இன்று நடக்கிறது. வார்ப்புக்குப் பிந்தைய உளி வேலையில்தான் உழைப்பின் அளவு தெரியும். ஆடையின் ஓரப் பூவேலை ஆழமாகவும் கூர்மையாகவும் இருக்கிறதா, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்திருக்கின்றனவா, முதுகுப்புறமும் அதே அக்கறையோடு முடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பொன்முலாம் குறித்து நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மரபான முறையில் பொன்னைப் பாதரசத்தோடு குழைத்துச் செம்பின்மேல் பூசி, தீயால் சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்குவர். பொன் மட்டும் செம்போடு பற்றிக்கொள்ளும். அதன் ஒளி அழகானதுதான். ஆனால் அந்த ஆவி நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. நோய் நீக்கும் புத்தரின் திருமேனி ஒரு தொழிலாளியின் உடலைக் கெடுத்து ஒளிர வேண்டுமா என்பதை வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். ஆவியை உறிஞ்சி அகற்றும் வசதியும் முகக்கவசமும் உள்ள பட்டறையா என்று விசாரியுங்கள். முலாம் பூசாத செம்புச் சிலையைத் தாழ்வாக எண்ணாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் செய்யும் முதல் தவறு, பித்தளை விளக்கைப் போலப் புளியோ பாலிஷோ இட்டுத் தேய்ப்பது. பொன்படலம் மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். திபெத்திய வழக்கப்படி முகத்தில் பொன்தூளைப் பசையில் குழைத்துத் தீட்டியிருந்தால் ஈரத் துணி பட்டாலே அது கரையலாம். உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அபிஷேகம் கூடவே கூடாது.

பீடத்தின் அடியிலுள்ள செம்புத் தகட்டை ஆவலால் பெயர்ப்பதும் தவறு. ஒன்றையொன்று குறுக்கிடும் இரு வஜ்ராயுதங்களின் வடிவம் பொறித்த அத்தகடு, மந்திரச் சுருள்களும் நறுமணப் பொருள்களும் நடுவில் ‘உயிர்மரம்’ எனும் கோலும் வைத்துப் பிரதிஷ்டை செய்யப்பட்டதன் முத்திரை. அதைத் திறந்தால் பிரதிஷ்டை குலைந்ததாகவே கொள்வர். மாறாக, கடையில் வாங்கும் புதுச்சிலையின் அடிப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். வழிபாட்டுக்கு வேண்டுவோர் லாமாவையோ நேவார்ப் பௌத்தப் பூசகரான வஜ்ராசாரியரையோ கொண்டு அதை நிறைவிக்கச் செய்யலாம்.

கடைசியாக, பழமைமேல் கொள்ளும் மோகம். புகையும் அமிலமும் ஏற்றிப் புதுச்சிலையை நூற்றாண்டுப் பழமையாகக் காட்டுவது எளிது. உண்மையிலேயே நூறாண்டு கடந்த சிலையானால், நேபாளச் சட்டப்படி அதை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. அது ஏதோ ஒரு விகாரையிலிருந்து திருடப்பட்டதாகவும் இருக்கக்கூடும். புதுச்சிலையைப் புதுச்சிலையென்றே சொல்லி விற்பவரிடம் வாங்கி, அது பழம்பொருள் அன்று என்பதற்கான தொல்லியல் துறைச் சான்றையும் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள்.